புதுநாடகம் வளர்த்த புரொவின்ஸ்ரவுண் குழு

நாடகம் ஏட்டளவில் நிறைவு பெறும் கலையன்று. செய்யுளைப் புலவன் எழுதி முடித்தவுடன் அது தன் முழுமையை அடைந்துவிடலாம். படிப்போன் நூறாண்டு கழித்து வரினும் அதன் உயிர் குன்றுவதில்லை. நாடகமோ நடிகனின் உடலையும் குரலையும், அவையோரின் கண்ணையும் செவியையும் வேண்டி நிற்பது. நூல் வெளியீட்டுக்கும் ஆடல் வெளியீட்டுக்கும் 'அரங்கேற்றம்' என்னும் ஒரே சொல்லைத் தமிழர் வழங்கி வந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. அவையிலே நின்று பார்த்த பின்னரே ஆக்கம் ஆக்கமாகும் என்னும் கருத்து அச்சொல்லில் அடங்கியுள்ளது.

எனின், பெயர் பெறாத புதிய நாடகாசிரியன் தன் ஆக்கத்தை அரங்கேற்றுவது எங்ஙனம்? வாணிக நோக்குடைய அரங்குகள் வெற்றி உறுதியான நாடகங்களையே நாடும். அரங்கில் ஏறாத ஆசிரியனோ தன் குறையை அறியும் வாய்ப்பையே இழந்துவிடுகின்றான். இந்த இக்கட்டிலிருந்து விடுதலை தேடியே மேனாடுகளிற் சிறிய நாடகக் குழுக்கள் தோன்றின. பாரிசு நகரில் 1887ஆம் ஆண்டு அந்திரே அந்துவான் என்னும் எரிவாயு நிறுவன எழுதுவினைஞர் நிறுவிய 'சுதந்திர அரங்கு', டப்ளின் நகரில் 1904ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற 'அபி' அரங்கு என்பன அவ்வகையின. அமெரிக்க நாட்டிலே இப்பணியை மேற்கொண்டவற்றுள் தலையாயது புரொவின்ஸ்ரவுண் குழுவாகும். 1915 தொடக்கம் 1922 வரை ஏழாண்டே இயங்கிய இக்குழுவின் வரலாறு, ஒரு சிறு குழு எதனால் வளர்கின்றது, எதனால் அழிகின்றது என்னும் இரு வினாக்களுக்கும் விடை தருவதாய் அமைந்துள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்க அரங்கு செல்வத்தில் மிக்கும் புதுமையில் வறிதாயும் இருந்தது. 1896ஆம் ஆண்டில் அரங்க முதலாளிகள் அறுவர் கூடி அமைத்த 'சிண்டிக்கேட்' என்னும் கூட்டு, நாட்டின் முக்கிய அரங்குகள் பலவற்றில் எந்த நாடகம் எப்பொழுது நடைபெறவேண்டும் என்பதைத் தன் கையில் வைத்திருந்தது. புகழ் பெற்ற நடிகரும் நெடுநாள் ஓடும் நாடகமுமே பொருள் ஈட்டின. இந்நிலைக்கு யேம்ஸ் ஓநீல் என்னும் நடிகரின் வாழ்வே தக்க சான்றாகும். 'மொன்ரி கிறிஸ்ரோ' நாடகத்தின் தலைமைப் பாத்திரத்தை அவர் ஆயிரக்கணக்கான முறை நடித்தார். அந்நாடகம் அவருக்குப் பெருஞ் செல்வத்தை அளித்தது. நடிகர் என்ற வகையில் அவர் அடையக்கூடிய வளர்ச்சியைப் பறித்தது. இத்தந்தையின் மகனே, புதுநாடகத்தையே தொழிலாகக் கொண்ட சிறு குழுவொன்றால் உலகறிந்த ஆசிரியனாய் உயர்ந்தான் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

மசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கிழக்கே அத்திலாந்திக் கடலுக்குள் வளைந்து நீண்டிருக்கும் கோட் முனையின் நுனியிலே புரொவின்ஸ்ரவுண் என்னும் மீனவர் ஊர் உள்ளது. கோடைகாலத்தில் நியூயோர்க் நகரின் கிரீனிச் பகுதியைச் சேர்ந்த எழுத்தாளரும் ஓவியரும் பத்திரிகையாளரும் ஆங்கே வந்து தங்குவது வழக்கம். அவர்களுள் ஜோர்ஜ் கிறாம் குக் என்பவரும் அவர்தம் மனைவியார் சூசன் கிளாஸ்பெல்லும் குறிப்பிடத்தக்கவர்கள். அயோவா மாநிலத்திற் பிறந்த குக், பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர். உழவுத் தொழிலும் செய்தவர். பண்டைக் கிரேக்கரின் வாழ்விலும் நாடகத்திலும் பெருவேட்கை கொண்டவர். ஊரார் அனைவரும் ஒன்றுகூடிப் படைத்துக் காணும் கிரேக்க நாடகத்தைப் போன்றதொன்றைத் தம் நாட்டிலும் காணவேண்டும் என்பது அவருடைய கனவாயிருந்தது.

கணவனும் மனைவியுமாய் இவ்விருவரும் உளப்பகுப்பாய்வு மோகத்தை நகையாடி 'அடக்கப்பட்ட ஆசைகள்' என்னும் ஓரங்க நாடகத்தை எழுதினர். நியூயோர்க்கில் அப்பொழுது புதிதாகத் தொடங்கியிருந்த வேறொரு குழு அதனை ஏற்கவில்லை. ஆகவே, 1915ஆம் ஆண்டு யூலை 15ஆந் திகதி இரவு, நீத் பொய்ஸ் என்னும் எழுத்தாளரின் இல்லத்திலேயே நண்பர்கள் அதனை நடித்துக் காட்டினர். பொய்ஸ் எழுதிய நாடகமொன்றும் அன்று நிகழ்ந்தது. ஒரு நாடகத்துக்குக் கடலை நோக்கிய விறாந்தையே அரங்காயிற்று. அது முடிந்ததும் அவையோர் தத்தம் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வீட்டின் உட்புறத்தே நிகழ்ந்த மற்றதைக் கண்டனர். பின்னாளில் அமெரிக்க அரங்கமைப்புக் கலையின் முன்னோடியாய் விளங்கிய றொபேட் எட்மண்ட் ஜோன்ஸ் வீட்டுத் தளபாடங்களைக் கொண்டே காட்சிகளை அமைத்தார்.

இம்முயற்சி தந்த ஊக்கத்தாற் குழுவினர் ஓர் இடத்தைத் தேடினர். மேரி ஹீற்றன் வோர்ஸ் என்னும் எழுத்தாளருக்கு உரிமையான லூயிஸ் இறங்குதுறையிலே பழைய மீன்வாடி ஒன்று இருந்தது. வலைகளும் படகுகளும் அகற்றப்பட்டன, சிறு மேடையொன்று எழுந்தது, மரப்பலகைகள் இருக்கைகளாயின. பலகைத் தளத்தின் கீழே கடலலை வந்து மோதும் ஓசை அவையோர் செவியில் விழுந்துகொண்டேயிருந்தது. மேடையின் பின்கதவைத் திறந்தால் உண்மைக் கடலே காட்சித் திரையாய் அமையும்.

1916ஆம் ஆண்டுக் கோடையிலே இம்மீன்வாடிக்கு வந்து சேர்ந்தவரே இயூஜீன் ஓநீல். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு. கப்பலிலே மாலுமியாய் உழைத்ததும், காசநோயால் மருத்துவமனையிற் கிடந்ததும், ஹாவாட் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் பேக்கரிடம் நாடகமெழுதப் பயின்றதும் அவர்தம் முன்வரலாறு. 1911ஆம் ஆண்டிலே அபி அரங்கினர் அமெரிக்காவுக்கு வந்து நடித்த நாடகங்களைக் கண்டு, எளிய மாந்தரின் வாழ்வும் பேச்சும் உயர்ந்த நாடகத்துக்குப் பொருளாகலாம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். தந்தையார் பொருளுதவியுடன் 1914ஆம் ஆண்டில் அவருடைய ஓரங்க நாடகங்கள் சில நூலாக வெளிவந்தன. ஆயின் அரங்கேறியது ஒன்றுமில்லை.

அவரது 'கார்டிவ் நோக்கிக் கிழக்கே' என்னும் நாடகம் யூலை 28ஆந் திகதி மீன்வாடியில் அரங்கேறியது. மூடுபனியினூடே செல்லும் சரக்குக் கப்பலொன்றின் உள்ளே, விழுந்து அடிபட்ட மாலுமி ஒருவன் தன் தோழனின் அருகிற் கிடந்து மெல்ல மெல்ல உயிர் விடுகின்றான். சூழ்ச்சியில்லை, காதலில்லை, திடீர்த் திருப்பமில்லை. நிலத்திலே சிறு தோட்டமும் வீடும் கொண்டு வாழவேண்டுமென்று இருவரும் கொண்டிருந்த ஆசை மட்டும் பேச்சில் வெளிப்பட்டு மறைகின்றது. சாகும் மாலுமியாகக் குக் நடித்தார். ஓரிரு சொற்களே பேசும் கப்பல் அதிகாரியாக ஆசிரியரே தோன்றினார். அன்றிரவு கடலில் உண்மையாகவே மூடுபனி பரவியிருந்தது என்றும், தளத்தின் கீழ் அலை ஒலித்தது என்றும் கிளாஸ்பெல் தம் கணவரின் வாழ்க்கை வரலாற்றிலே குறித்துள்ளார். வாணிக அரங்கு எதுவும் ஏறெடுத்தும் பாராத நாடகம் தனக்கேற்ற அரங்கைக் கண்டடைந்தது.

இதற்குப் பதினொரு நாள் கழித்து, ஓகஸ்ட் 8ஆந் திகதி, கிளாஸ்பெல் எழுதிய 'அற்பங்கள்' அரங்கேறியது. அயோவாவிலே பத்திரிகை நிருபராய் இருந்த காலத்தில், 1900ஆம் ஆண்டு நிகழ்ந்த கொலை வழக்கொன்றைப் பற்றி அவர் செய்தி எழுதியிருந்தார். அவ்வழக்கின் நினைவே நாடகத்துக்கு வித்தாயிற்று. உழவன் ஒருவன் உறக்கத்தில் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்துள்ளான். மனைவி சிறையில் இருக்கின்றாள். அதிகாரிகள் வீட்டின் மேல்மாடியிலும் கொட்டிலிலும் சான்று தேடுகின்றனர். சமையலறையிலே பெண்டிருக்குரிய அற்பப் பொருள்களே உள்ளன என்று எள்ளி நகைக்கின்றனர். அங்கே காத்திருக்கும் இரு பெண்டிரோ கோணலாய் ஓடிய தையலையும், கதவுடைந்த கூண்டையும், கழுத்து முறிக்கப்பட்டுப் பெட்டியில் வைக்கப்பட்ட பாட்டுப்பறவையையும் கண்டு, அவ்வீட்டில் நிகழ்ந்ததை முழுவதும் உணர்கின்றனர். உணர்ந்ததை மறைத்தும் விடுகின்றனர். குற்றஞ் சாட்டப்பட்டவள் மேடையில் ஒருமுறையேனும் தோன்றுவதில்லை. ஒரு சமையலறைக்குள் அடங்கும் இந்நாடகம் இன்றும் உலகெங்கும் நடிக்கப்படுகின்றது.

அவ்வாண்டு செப்டெம்பர் மாதத் தொடக்கத்திலே குழுவினர் கூடி யாப்பொன்றை வகுத்தனர். பத்திரிகையாளர் ஜோன் றீட் அதன் ஆக்கத்திற் பெரும்பங்கு கொண்டார். அமெரிக்க ஆசிரியரின் புதுநாடகங்களையே மேடையேற்ற வேண்டும் என்பதும், நாடகத்தின் தயாரிப்பை அதன் ஆசிரியரே மேற்பார்வை செய்ய வேண்டும் என்பதும், நாடகங்களை உறுப்பினர் வாக்களித்துத் தெரிதல் வேண்டும் என்பதும் அதன் உயிர்நாடியான விதிகள். நியூயோர்க்கிலே தாம் அமைக்கும் அரங்குக்கு 'நாடகாசிரியர் அரங்கு' என்னும் பெயரை ஓநீல் முன்மொழிந்தார். நடிகனையோ முதலாளியையோ அன்றி, ஆசிரியனையே நடுவாகக் கொண்டது இவ்வமைப்பு என்பது அப்பெயராலேயே விளங்கும்.

1916 நவம்பர் மாதத்திலே நியூயோர்க் நகர் மக்டூகல் வீதி 139ஆம் இலக்க வீட்டின் கீழ்த்தளத்தில் அவ்வரங்கு திறக்கப்பெற்றது. 1918ஆம் ஆண்டில் அருகேயிருந்த 133ஆம் இலக்கக் கட்டடத்துக்குக் குழு இடம் பெயர்ந்தது. அது முன்னர் குதிரைலாயமாக இருந்தது. குதிரையைக் கட்டும் இரும்பு வளையத்தைச் சுவரிலேயே விட்டுவைத்து, கிரேக்கப் புராணத்துச் சிறகுக் குதிரையாகிய பெகாசஸ் கட்டப்பட்டிருந்த இடம் இதுவென்று அதனருகே எழுதி மகிழ்ந்தனர். இருநூறு பேரளவில் அமரக்கூடிய இடமே அது.

குழு நடைபெற்ற முறையும் நோக்கத்தக்கது. சந்தா செலுத்தியோரே அவையோர். சில வாரங்களுக்கு ஒருமுறை மூன்று ஓரங்க நாடகங்கள் வரை ஒருங்கே மேடையேறும். சில நாள் நடைபெற்றபின் அடுத்த தொகுதிக்கு இடம்விடும். நடிகர் பெரும்பாலும் ஊதியம் பெறாதவர். தொடக்கத்திலே பத்திரிகைத் திறனாய்வாளருக்கு இலவச இருக்கையும் வழங்கப்படவில்லை. சந்தாப்பணம் முன்னரே கைக்கு வந்துவிடுதலால், ஒரு நாடகம் வீழ்ந்தாலும் குழு வீழாது. இதுவே இவ்வமைப்பின் நுட்பம். வெற்றியை விலைக்கு வாங்க முடியாத இக்குழு, தோல்வியைத் தாங்கும் வலிமையை இவ்வாறு தேடிக்கொண்டது.

இம்முறையிற் குறைகள் இல்லாமலில்லை. எழுதத் தெரிந்தவர் அனைவருக்கும் இயக்கத் தெரியும் என்பது பொய்த்தது. ஆகவே 1917ஆம் ஆண்டில் நீனா மோய்ஸ் என்னும் பயிற்சி பெற்ற இயக்குநர் குழுவிற் சேர்ந்தார். ஆசிரியரே மேற்பார்வை செய்ய வேண்டும் என்னும் விதி தளர்ந்தது. எனினும் விளைந்த பயன் பெரிது. ஏழாண்டிலே நாற்பதுக்கு மேற்பட்ட ஆசிரியரின் நாடகங்கள், நூற்றுக்குச் சற்றே குறைந்த தொகையின, இச்சிறு மேடையில் ஏறின. ஓநீலின் நாடகங்கள் பதினைந்தளவின. கிளாஸ்பெல்லின் நாடகங்கள் பதினொன்று. போரின் பேதைமையை இடையர் கூத்தாக்கிக் காட்டிய கவிஞர் எட்னா மில்லேயின் 'ஆரியா டா காப்போ' 1919ஆம் ஆண்டில் இங்கேயே அரங்கேறியது. வாணிக அரங்கில் இடம் பெற்றிராத பெண் ஆசிரியர் பலர் இங்கு இடம் பெற்றனர்.

அந்நாடகங்களுட் பெரும்பாலன இன்று மறக்கப்பட்டன என்பது உண்மையே. ஆயின் மறக்கப்படத் தக்கனவும் மேடையேறியமையே குழுவின் சிறப்பு எனலாம். ஓநீலின் 'எக்சோசிசம்' 1920ஆம் ஆண்டில் ஈண்டு நடிக்கப்பெற்றது. தாம் முன்னொருகால் தற்கொலைக்கு முயன்ற நிகழ்ச்சியை அதிற் பொருளாக்கியிருந்த ஆசிரியர், நாடகம் நிகழ்ந்தபின் அதன் படிகளைத் திரும்பப் பெற்று அழித்துவிட்டார். தொலைந்ததெனக் கருதப்பட்ட அந்நாடகத்தின் படியொன்று 2011ஆம் ஆண்டிலேதான் வெளிப்பட்டது. எழுதியதை மேடையிற் கண்டு, வேண்டாவெனத் தானே ஒதுக்கும் உரிமையும் ஆசிரியனுக்குப் பயிற்சியே. பெருமுதல் இட்ட வாணிக அரங்கு அவ்வுரிமையை அளிப்பது அரிது.

1920ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி 'சக்கரவர்த்தி ஜோன்ஸ்' அரங்கேறியது. மேற்கிந்தியத் தீவொன்றிலே தன்னைச் சக்கரவர்த்தியாக்கிக்கொண்ட கறுப்பின மனிதன் ஒருவன், குடிகள் கிளர்ந்தெழ, இருட்காட்டினூடே ஓடுகின்றான். எட்டுக் காட்சிகளில் அவனுடைய பட்டும் பகட்டும் ஒவ்வொன்றாய்க் கழன்று வீழ்கின்றன. மனிதனின் நாடித்துடிப்பின் அளவிலே தொடங்கும் முரசொலி இடையறாது விரைந்து அவனைத் துரத்துகின்றது. இந்நாடகத்துக்கு எல்லையற்ற இரவின் தோற்றம் வேண்டுமென்று கருதிய குக், ஐரோப்பிய அரங்குகளில் உள்ளதைப் போன்ற வளைந்த சாந்துச் சுவரொன்றை மேடையின் பின்னே எழுப்பினார். ஏற்கெனவே சிறிதாயிருந்த மேடையின் ஒரு பகுதியையும், குழுவின் கையிருப்பிற் பெரும்பகுதியையும் அச்சுவர் விழுங்கியது. அதன் மேல் ஒளி படிந்தபோது, குதிரைலாயத்துக்குள்ளே முடிவில்லா வானம் விரிந்தது.

ஜோன்ஸ் பாத்திரத்தைச் சாள்ஸ் கில்பின் என்னும் கறுப்பின நடிகர் ஏற்றார். வெள்ளையர் நடத்திய குழுவொன்றிலே கறுப்பினத்தவர் தலைமைப் பாத்திரம் ஏற்பது அக்காலத்து மிக அரிது. 1921ஆம் ஆண்டில் நியூயோர்க் நாடக சங்கம் சிறப்பித்த பதின்மருள் அவரும் ஒருவரானார். அவரை விருந்துக்கு அழைத்தலாகாது என்று சிலர் தடை கூறியபோது, ஓநீல் முதலிய கலைஞர் அவர் பொருட்டு நின்று அத்தடையை நீக்கினர்.

சில நாளிலேயே நுழைவுச்சீட்டு வேண்டிக் கூட்டம் மக்டூகல் வீதியை நிறைத்தது. அவ்வாண்டு முடிவதற்குள் நாடகம் 'புரோட்வே' எனப்படும் வாணிக அரங்கப் பகுதிக்குச் சென்று, இருநூறு முறைக்கு மேல் நடிக்கப்பெற்றது. குழுவின் நோக்கம் நிறைவேறிய நாள் அது; குழுவின் உடைவு தொடங்கிய நாளும் அதுவே. நடிகரும் பணியாளரும் இரு கூறாயினர். ஊதியமின்றி உழைத்தோர் ஊதியத்தின் சுவையை அறிந்தனர். ஒவ்வொரு புதுநாடகமும் இனிப் பெரிய அரங்குக்குச் செல்லுமோ செல்லாதோ என்னும் அளவுகோலால் அளக்கப்பெற்றது. குக் எழுதிய நாடகமொன்றும் அவ்வாறே சென்று தோல்வி கண்டது. தோல்வியைத் தாங்குவதற்கென அமைந்த குழு, வெற்றியைத் தாங்கும் ஏற்பாடு எதனையும் தன் யாப்பிற் செய்திருக்கவில்லை.

இக்காலத்தும் சிறுமேடை தன் கடமையை முற்றும் மறந்ததில்லை. 1921 மார்ச் மாதம் அரங்கேறிய கிளாஸ்பெல்லின் 'வாரிசுகள்' அதற்குச் சான்று. உழவர் ஒருவர் தம் நிலத்தைக் கொடுத்துத் தோற்றுவித்த கல்லூரி ஒன்று அந்நாடகத்தின் களம். இந்திய நாட்டு விடுதலையை வேண்டிக் குரலெழுப்பும் இந்து மாணவரை அக்கல்லூரி கைவிடுகின்றது. அரசின் பொருளுதவியை அது எதிர்பார்த்திருப்பதே காரணம். நோயுற்ற மனைவியையுடைய பேராசிரியர் ஒருவர் தம் மனச்சான்றை அடக்கி வாய்மூடுகின்றார். கல்லூரியை நிறுவியவரின் பேர்த்தியோ மாணவர் பக்கம் நின்று சிறை செல்லவும் துணிகின்றாள். முதலாம் உலகப்போரின் பின் அமெரிக்காவிற் பேச்சுரிமை நெருக்குண்டிருந்த வேளையிலே இதனை மேடையேற்றுதற்கு, இழப்பதற்கு அதிகமில்லாத சிறு அரங்கொன்றே துணியலாம். கல்வி நிலையங்களை நடத்துவோரும் அங்கே கற்போரும் இன்றும் எண்ணிப் பார்க்கவேண்டிய வினாக்கள் அந்நாடகத்தில் உள்ளன.

1922ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே ஓநீலின் 'மயிரடர்ந்த குரங்கு' மக்டூகல் வீதியில் அரங்கேறியபோது, வாணிக அரங்கின் தயாரிப்பாளர் ஒருவர் அதன் ஆக்கத்தில் ஏற்கெனவே கைகொடுத்திருந்தார். அடுத்த மாதமே அதுவும் புரோட்வே சென்றது. அரங்கேற்றத்தைக் காணக் குக் இருக்கவில்லை. குழுவின் போக்கால் மனமுடைந்து, மனைவியாருடன் அவர் கிரேக்க நாட்டுக்குக் கப்பலேறிவிட்டார். ஓராண்டு ஓய்வென அறிவிக்கப்பட்ட இடைவெளி பழைய குழுவின் முடிவாயிற்று. 1924 சனவரியிலே தெல்பி என்னும் புண்ணியத் தலத்திற் குக் காலமானார். ஆங்குள்ள பழைய கோயிலின் கல்லொன்றைக் கிரேக்க அரசு அவர்தம் கல்லறைக்கு அளித்தது.

பின்னர் ஓநீல், ஜோன்ஸ், கெனத் மக்கோவன் ஆகிய மூவரும் அதே இடத்திற் புதியதோர் அமைப்பை நடத்தினர். அது வாக்கெடுப்பால் அன்றித் தலைவரால் நடந்த தொழிலரங்கு. பழைய நாடகங்களையும் வெளிநாட்டு நாடகங்களையும் மேடையேற்றியது. அதன் வழிவந்த குழுவும் 1929ஆம் ஆண்டிற் கலைந்தது. ஓநீல் 1936ஆம் ஆண்டில் நோபெற் பரிசு பெற்றார். கிளாஸ்பெல் 1931ஆம் ஆண்டிற் புலிற்சர் பரிசு பெற்றார்.

குக்கின் மனமுறிவைக் கொண்டு இக்குழு தோற்றதென்று கூறுதல் பொருந்தாது. நாற்றுமேடையின் பயன் நாற்று அங்கேயே நின்று கதிர் ஈனுவதன்று. பறித்து வயலில் நடப்படுவதே. ஓநீலின் நாடகம் பேரரங்குக்குச் சென்றது குற்றமன்று. சென்ற நாடகத்தின் பின்னே குழுவும் சென்றதே குற்றம். அடுத்த நாற்றுக்கு நிலத்தைப் பண்படுத்த வேண்டிய கைகள், விளைந்த கதிரை அளக்கப் போயின. புதுநாடகம் வேண்டும் என்போர் பேராசிரியனை எதிர்பார்த்திருத்தல் போதாது. பெயரறியா ஆசிரியன் எழுதிவந்து, பிழைபட்டு, மீண்டும் எழுதுதற்குரிய சிறிய இடமொன்றை முதலிற் சமைத்தல் வேண்டும். அவன் புகழ்பெற்றுச் சென்றபின்னும் அவ்விடத்தை அடுத்தவனுக்காகக் காத்தல் வேண்டும். முன்னையதைப் புரொவின்ஸ்ரவுண் குழு தன் செயலால் உணர்த்திற்று. பின்னையதைத் தன் முடிவால் உணர்த்திற்று.